இன்னும் ஒரே ஓட்டம்

அன்புள்ள செண்பகம்,

நீயும் குட்டி எழிலும் சுகம்தானே? உன் இருமல் குறைந்ததா? நான் நேரத்துக்குச் சாப்பிடுகிறேன்.

இங்கே கிள்ளான் ஊர்த் திடலில் என்னிடம் பயிற்சி பெறும் லோகேஸ்வரியின் வேகத்தைக் கூட்டுவதற்காக, இடுப்பில் எடையைக் கட்டி, அதை இழுத்தபடி ஓடவைப்பேன். நேற்று ஆறாவது ஓட்டம் முடிந்ததும், "சார், தொடை பிடிக்குது, போதும்லா" என்றாள். "இன்னும் ஒண்ணே ஒண்ணு" என்றேன். பாதியில் விழுந்தாள். தசை கிழிந்துவிட்டது. அடுத்த மாதம் தேசியப் போட்டி. அதில் அவளால் ஓட முடியாது. நீ கவலைப்படாதே, எனக்கு ஒன்றுமில்லை.

மருத்துவமனையில் அவள் அப்பா, "நீங்க என்ன செய்வீங்க சார், அவ விதி" என்று எனக்குச் சூடாக மைலோ வாங்கித் தந்தார். நான் வற்புறுத்தியதை அவள் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. மைலோவைக் குடித்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நான் போனில் கூப்பிடும்வரை எழிலைத் தூங்கவிடாதே. பயிற்சிக்கு நேரமாகிவிட்டது. மற்ற பிள்ளைகள் காத்திருப்பார்கள். அவர்களை ஓடச் சொல்ல வாய் வருமா தெரியவில்லை.

உன்
இசக்கிமுத்து