உன்னைத் திட்ட ஒரு பிடி களிமண்

என் செல்லத் தம்பி ஏகாம்பரத்துக்கு,

செல்லம் என்று எழுதிவிட்டேன், பழக்கதோஷம். மற்றபடி உன்மேல் எனக்குள்ள ஆத்திரம், நீ போன சித்திரையிலிருந்து ஒரு குந்துமணி அளவும் குறையவில்லை. இங்கே யாரும் சௌக்கியமில்லை. அங்கே நீ சௌக்கியமா என்று கேட்கப்போவதும் இல்லை.

இதை நாலு பேர் படிக்கும்படியாகவே எழுதுகிறேன். மயிலாப்பூரில் உன் புகழ் பாடிக்கொண்டு திரிகிறவர்களும் படிக்கட்டும்.

ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணமே மூட்டை முடிச்சோடு ரயிலேறியபோது, "நம்பள மாதிரி ஆளுங்கள குண்டு தேடிக்கினு வராது அக்கா" என்று சிரித்தபடி இங்கேயே கிடந்தவன் நீ. அப்படிப்பட்டவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மகனைக் கூட்டிக்கொண்டு அடையாறு முகத்துவாரத்துக்குக் காற்று வாங்கப் போனாய். ஆறு கடலில் சேருகிற இடத்தில் இறங்கினாய். வலை காயப்போட்டுக்கொண்டிருந்த குப்பத்துக்காரர், "அங்க எறங்காத நைனா, இழுப்பு கீது!" என்று கத்தினாராம். நீ யார் சொல்லித்தான் கேட்டாய்? குப்பத்து ஆட்களே கட்டுமரத்தில் போய் உன்னைக் கொண்டுவந்து மணலில் கிடத்தினார்கள். ஏழு வயதுத் தணிகை பக்கத்தில் நின்றிருந்தான்.

நீச்சல் தெரியும் என்கிற திமிரில் இறங்கினாய் என்று நான் நினைத்தேன். மற்றவர்கள் விதி என்றார்கள்.

செத்துப்போனவனுக்குக் குற்றமே கிடையாது, தெரியுமா உனக்கு? உன் பெண்டாட்டியின் அண்ணன் முனிரத்தினம் தங்கைக்குத் துணை என்று உன் வீட்டிலேயே வந்து உட்கார்ந்துவிட்டான். துக்கம் கேட்க வருகிறவர்களிடமெல்லாம், "தங்கமான மனுசன், வாழ்க்கையில ஒரு தப்பு பண்ணாதவரு" என்கிறான். நீ உயிரோடு இருந்தபோது உன்னை ஊதாரி என்ற அதே வாய்தான். கூடவே ஒரு சட்டமும் போட்டான். பிள்ளையின் எதிரே யாரும் அந்தப் பேச்சை எடுக்கக் கூடாதாம், தானாக மறந்துவிடுவானாம்.

மறந்தானா? பள்ளிக்கூடம், பம்பரம், தெருநாய் எல்லாவற்றையும் பற்றிப் பேசுவான். 'நைனா' என்று யாராவது சொன்னால் எழுந்து போய்விடுவான். உன்னைத் தூக்கிக்கொண்டு போன அன்றும் அவன் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. பையன் தைரியசாலி என்று மெச்சினார்கள். நான் மெச்சவில்லை. எதிரே உட்காரவைத்துக் கேட்டுப் பார்த்தேன். வாயில் கொழுக்கட்டை வைத்தவன்போல் இருந்தான்.

ஆவணியில் பிள்ளையார் சதுர்த்தி வந்தது. உன் வீட்டில் ஒரு வருஷத்துக்குப் பண்டிகை இல்லை. நான் வேறு வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவள், என் வீட்டில் தடையில்லை. தணிகையைக் கூட்டிக்கொண்டு வந்தேன். மாட வீதியில் அச்சில் அழுத்திப் பிள்ளையார் எடுத்துக்கொண்டிருந்தவரிடம் ஒன்று வாங்கினேன், கூடவே களிமண்ணில் பெரிய உருண்டை ஒன்றும் கேட்டு வாங்கினேன். ரேஷன் அரிசியில் கல் பொறுக்கும்போதுதானே பெண்கள் நாங்கள் மனசில் கிடக்கிறதையெல்லாம் கொட்டுகிறோம்? கண் முறத்தில் இருக்கும், கை வேலையில் இருக்கும், வாய் தானாகத் திறந்துகொள்ளும். பிள்ளைக்கும் அப்படித்தானே இருக்கும் என்று தோன்றியது.

முதலில் பிள்ளையாருக்கு ஒரு எலி செய்தான். பிறகு உருண்டை உருண்டையாகப் பிடித்தான். "இன்னாடா இது, லட்டா?" என்றேன். இன்னொன்று உருட்டினான். கடைசியில் ஒரு ஆளைச் செய்து, பிள்ளையாருக்கு வைத்ததுபோலவே குந்துமணியில் கண் வைத்தான். அந்த ஆளையும் உருண்டைகளையும் பிள்ளையாரின் மணையிலேயே வைத்தான்.

மூன்றாம் நாள் பிள்ளையாரைக் கிணற்றில் விட வேண்டும். வருஷா வருஷம் செய்கிற காரியம், எங்களுக்கு வேறு யோசனையே வரவில்லை. என் வீட்டுக்காரர், உன் மாமா, மணையைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். மணையில் இருக்கிற மண்ணெல்லாம் தண்ணீருக்குத்தானே என்று பிள்ளையாரோடு அந்த ஆளையும் சேர்த்து எடுத்தார். தணிகை ஓடிவந்து அவர் காலைக் கட்டிக்கொண்டான். "போடாத மாமா! நைனாவத் தண்ணில போடாத!"

தெருவே திரண்டுவிட்டது. எல்லோரையும் போகச் சொன்னேன், உன் மாமாவை அந்த ஆளைத் திரும்ப மணையில் வைக்கச் சொன்னேன். அவனை ஒன்றும் கேட்கவில்லை. ஈரத்துணியில் சுற்றிவைத்திருந்த மீதிக் களிமண்ணைப் பிசைந்து, பாதியைத் துவைக்கிற கல்லின்மேல் அவன் பக்கம் தள்ளினேன். மறு பாதியை நான் சும்மா உருட்டிக்கொண்டிருந்தேன். வெகுநேரம் கழித்துத் தணிகை மண்ணைக் கல்லில் பரப்பி, விரலால் ஒரு கோடு இழுத்தான். "இது ஆறு" என்றான். மணல்மேடு வைத்தான், கட்டுமரம் வைத்தான். மணையிலிருந்து அந்த ஆளை எடுத்துக் கரையில் நிறுத்தினான். ஒரு உருண்டையை எடுத்து ஆற்றில் வைத்தான்.

"இது என் பந்து. தண்ணில போயிடுச்சி. போனா போவுது, வேற வாங்கலாம்னு நைனா சொன்னாரு. நான் மாட்டேன்னு மண்ணுல பொரண்டு அழுதேன். அதான் எறங்குனாரு."

மண்ணை அமுக்கிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டான். "நைனா ஒரு தப்பும் பண்ணாதவருன்னு முனிரத்தினம் மாமா சொல்றாரு. அப்ப தப்பு என்துதான அத்தை?"

குண்டுக்குப் பயப்படாதவனே, ஒரு ரப்பர் பந்துக்கா போனாய்? செய்த வேலையைப் பார். நீ போய்ச் சேர்ந்துவிட்டாய், பழியைத் தூக்கி ஒரு குழந்தையின் தலையில் வைத்துவிட்டார்கள். உன்னைத் தெய்வமாக்கியவர்கள் யாருக்காவது இது உறைத்ததா?

பக்குவமாக ஆறுதல் சொல்லியிருக்கலாம். எனக்கு வந்தது கோபம்தான். "தப்பு உன் நைனாவுது" என்றேன். "புள்ள அழுதா அழுவட்டும்னு கையப் புடிச்சி இஸ்துக்கினு வூட்டுக்கு வந்திருக்கணும். புள்ளைங்க அடம் புடிக்கறது ஊர் ஒலகத்துல இல்லாததா? வேணாம்னு ஒருத்தரு கரையில நின்னு கத்தறாரு, அதயும் காதுல வாங்கல. உன் நைனா பண்ணது முட்டாள்தனம்."

"நைனாவத் திட்டாத அத்தை."

"திட்டுவேன். என் தம்பி, நான் திட்டுவேன். நீயும் திட்டு."

அந்தக் களிமண் ஆளைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தான். "ஏன் நைனா போன?" என்றான் மெதுவாக. பிறகு உரக்க, "முட்டாள் நைனா! ஒரு பந்துக்கு யாராவது போவாங்களா?" என்றான். அதன் பிறகு அழுதான் பார், சித்திரையிலிருந்து தேக்கிவைத்ததையெல்லாம் அழுதான். முடித்ததும் பசிக்கிறது என்றான். சாப்பிட்டுவிட்டு வந்து பிள்ளையாரை அவனே கிணற்றில் விட்டான். பந்தையும் விட்டான். உன்னை மட்டும் விடவில்லை, எங்கள் ஜன்னலில் வைத்திருக்கிறான்.

சேதி எட்டியதும் முனிரத்தினம் வந்து வாசலில் நின்று கத்தினான். "செத்தவர இப்டியா பேசுவ? இனிமே புள்ள உன் வாசப்படி ஏறக்கூடாது!" நானும் விடவில்லை. "புள்ள பழியத் தூக்கிக்கினு நிக்கறான், நீ படத்துக்குப் பூ கட்டிக்கினு கீற" என்றேன். தணிகையைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனான். அப்புறம் பல நாள் பிள்ளையைக் கண்ணில் காட்டவில்லை. திறந்த வாய் மறுபடி மூடிக்கொண்டால் என்ன செய்வேன் என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

நேற்று மத்தியானம் உன் பெண்டாட்டி ஜகதா வந்தாள், தணிகையின் கையைப் பிடித்துக்கொண்டு. நீ போனபிறகு அவள் தெருவில் இறங்கியது இதுதான் முதல் தடவை. அண்ணனிடம் சொல்லிவிட்டே வந்தாளாம். "இங்க வந்து அழுதப்பறம்தான் புள்ள ராத்திரில தூங்கறான் அண்ணி" என்றாள். தணிகை நேரே கிணற்றடிக்குப் போனான், அவளும் போனாள். நான் மண்ணைப் பிசைந்துவைத்தேன். தணிகை ஒரு பிடி எடுத்து அம்மா பக்கம் தள்ளிவிட்டான்.

அவள் வெகுநேரம் அதை உருட்டிக்கொண்டிருந்தாள். பிறகு அந்த மண்ணிடம் சொன்னாள்: "காப்பி போட்டு வை, வந்துட்றேன்னு சொல்லிட்டுத்தான போனீங்க? எத்தினி தபா சுட வெக்கிறது?"

கேட்டதா உனக்கு?

சித்திரையில் உன் வருஷ திவசம் வரும். மாலை போட்டு, உன்னைப்போல் உண்டா என்பார்கள். நான் அந்தக் கூடத்தின் நடுவில் உட்கார்ந்து, தணிகையின் காதில் விழும்படி உன்னைத் திட்டுவேன். இது சத்தியம். அடுத்த வருஷமும் திட்டுவேன், அதற்கடுத்த வருஷமும். அவன் வளர்ந்து, தன் பிள்ளை அடம்பிடிக்கும்போது சிரித்துக்கொண்டே கையைப் பிடித்து வீட்டுக்கு இழுத்துக்கொண்டு வருகிற நாள்வரை திட்டுவேன்.

அன்றைக்கு நிறுத்திவிட்டு, உனக்காக அழுவேன். நான் இன்னும் அழவில்லை ஏகாம்பரம். காத்திரு.

உன்மேல் கோபம் தீராத,
உன் ஒரே அக்கா
தனகோட்டி