கண்ணாடி பதிக்காத இடம்

கருகிய சாம்பார் வாசனை இரண்டு நாளாகியும் அடுக்களையை விட்டுப் போகவில்லை. ஜன்னல்களை எல்லாம் திறந்துவைத்துவிட்டு உங்களுக்கு இதை எழுதுகிறேன். நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகிறது. அன்பாக நாலு வார்த்தை எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், எரிச்சல்தான் வருகிறது.

உங்கள் மதில் கடைசியில் ஓர் ஆளைத் தடுத்துவிட்டது. அந்த ஆள் நான்தான்.

சாம்பாரை அடுப்பில் வைத்துவிட்டு, காய்கறி வண்டிச் சத்தம் கேட்டு வெளியே போனேன். காற்றில் கேட் அறைந்து சாத்திக்கொண்டது. அறைந்தால் தானாக விழுகிற தாழ்ப்பாள், நீங்கள் வெல்டிங்காரரைப் பாடாய்ப்படுத்திச் செய்யவைத்தது. "கள்ளன் தலைகீழா நின்னாலும் திறக்க முடியாது, பாத்துக்கோ" என்று பெருமைப்பட்டீர்களே, அதுதான். கையில் மல்லிக்கட்டோடு வீட்டுக்காரி தெருவில் நிற்கிறாள். சாவி அடுக்களை ஆணியில் தொங்குகிறது.

இத்தனைக்கும் நம் கரமனை வீட்டில் களவு போனது ஒரே ஒரு வாழைக்குலை. அதற்காக முன்மதிலை ஆள் உயரத்துக்கு மேலே ஏற்றினீர்கள். அது போதாதென்று மேலே கண்ணாடிச் சில்லு. ஒரு சொட்டு மது தொடாத மனிதர், பழைய சாமான் கடையிலிருந்து ஆட்டோ நிறைய ரம் பாட்டில்களைக் கொண்டுவந்து, கழுவி, வாசலில் வரிசையாகக் காயவைத்தீர்கள். தெருவே தீர்ப்பு எழுதிவிட்டது. அசோசியேஷன்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, குடியை நிறுத்த நல்ல டாக்டர் இருக்கிறார் என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார். நீங்கள் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். எனக்கு ஒரு மாசம் தெருவில் தலைகாட்ட முடியவில்லை.

பக்கத்து வீட்டு மலையாளத்துக்காரி சாரதா சேச்சி பக்கம் மட்டும் உங்கள் பருப்பு வேகவில்லை. மதிலை ஏற்றினால் தன் வெண்டைச் செடிக்கு வெயில் வராது என்று அவள் சண்டைக்கு வந்ததால், அங்கே நெஞ்சு உயரத்தோடு நிறுத்திச் சில்லு பதித்தீர்கள். கறிவேப்பிலை மரத்தடியில் கொஞ்சம் இடம் மட்டும் மொட்டையாக நின்றது. ஏன் என்று கேட்டதற்கு, "குப்பி தீர்ந்துபோச்சு" என்றீர்கள். அரைகுறை வேலை என்று நானும் விட்டுவிட்டேன்.

முந்தாநாள் கேட்டுக்கு வெளியே நின்று நான் போட்ட கூச்சலில் சேச்சியின் மகன் பினு ஓடிவந்தான். முன்மதிலை அண்ணாந்து பார்த்து, "ஐயோ ஆன்ட்டி, இதுல கைய வச்சா கை காணாது" என்று பின்வாங்கினான். உள்ளேயிருந்து புகை வரத் தொடங்கிவிட்டது. வீடு எரிந்தால் கள்ளன் வராமல் இருந்து என்ன பிரயோஜனம்? உங்களைத் திட்டாத திட்டு இல்லை.

"எடா பினு, நம்ம பக்கம் வா! கறிவேப்பில கிட்ட சில்லு இல்லல்லோ!" என்று சேச்சி கத்தினாள். பினு அந்த வழியாக ஏறிக் குதித்து, அடுப்பை அணைத்து, கேட்டையும் திறந்துவிட்டான்.

"நல்ல வேளை, அங்கிளுக்கு அங்க குப்பி தீர்ந்துபோச்சு" என்றேன்.

"தீர்ந்தா? மோட்டார் ஷெட்டுக்குப் பின்னால ஒரு சாக்கு நிறைய கிடக்கு ஆன்ட்டி. நான் அதுல தட்டித்தான் விழப் பாத்தேன்."

போய்ப் பார்த்தேன். எல்லாம் கழுவிக் காயவைத்த பாட்டில்கள்.

நானும் சேச்சியும் சாயங்காலமானால் கை ஊன்றி நின்று பேசுகிற இடம் அந்த மொட்டை மதில். எத்தனை தடவை எரிந்து விழுந்திருப்பீர்கள்! "ஏட்டி, ரெண்டு பேரும் இப்படி ஊனி ஊனிப் பேசினா மதில் சிமென்ட் தேஞ்சுபோகும்" என்பீர்கள். தெருவுக்கெல்லாம் முள்ளாக நின்ற மனிதர், எங்கள் முழங்கைக்கு இடம் விட்டுவிட்டுப் பொய் சொல்லியிருக்கிறீர்கள். இதை ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்தால் என்ன? நானும் நல்லபடியாக ஒரு வார்த்தை பதிலுக்குச் சொல்லியிருப்பேனே. இப்போது யாரிடம் போய்ச் சொல்ல?

சாவியை முந்தானையில் முடிந்துகொண்டுதான் இப்போது காய்கறி வாங்கப் போகிறேன். மிச்சப் பாட்டிலையும் உடைத்து அங்கே பதித்துவிடலாமா என்று பினு கேட்டான். வேண்டாம் என்றுவிட்டேன். நேற்றுச் சாயங்காலம் சேச்சியும் நானும் அங்கேயே நின்று இருட்டும்வரை உங்களைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம்.

சிமென்ட் தேயட்டும்.