மடங்கிய கையோடு நின்றவர்

நேற்று சிராங்கூன் சாலையில் ஒரு துணிக்கடைக்குள் நுழைந்தேன். அந்துருண்டை வாசம் முகத்தில் அடித்தது. தீபாவளிக்கு மகளுக்குத் துணி எடுக்கப் போனவன், எதற்கு வந்தோம் என்பதே மறந்து நின்றேன். நண்பா, நீ கூட்டிப்போன காட்சிசாலைகளில் எல்லாம் இதே வாசம்தானே!

விடுமுறை என்றால் மற்றவர்கள் சினிமாவுக்குப் போவார்கள். நாம் என் மகளையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிக் காட்சிசாலைக்குப் போவோம். சின்னச் சின்னவை. யாரோ ஒரு துரை விட்டுப்போன இரண்டு அறை, பழைய பள்ளிக்கூடத்தில் நாலு கண்ணாடி அலமாரி. நீ வாசலிலேயே செருப்பைக் கழற்றுவாய். "கோயிலாடா இது?" என்பேன். "செத்தவங்க சாமான் இருக்கு. செருப்போட எப்படிடா போறது?" என்பாய்.

படத்துக்குக் கீழே இருக்கும் இங்கிலீஷைப் படித்துச் சொல்வது என் உத்தியோகம். ஆறாம் வகுப்போடு நின்ற இங்கிலீஷ். புரியாத இடத்தில் நானே ஒரு ராஜாவைச் செய்து போட்டுவிடுவேன். "அப்பா, அதுல அப்படி எழுதலையே" என்று மகள் மானத்தை வாங்குவாள். நீ வயிறு குலுங்கச் சிரிப்பாய்.

நீ வாளும் பானையும் பார்க்க வரவில்லை என்பது எனக்குத் தெரியும். ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போன உன் அண்ணன் திரும்பவே இல்லை. செத்தார் என்று சொல்லவும் ஆளில்லை. அதனால் உங்கள் வீட்டில் திதி கிடையாது. அண்ணியின் குங்குமமும் தாலியும் அப்படியே இருந்தன. நீ கல்யாணம் கூடச் செய்துகொள்ளாமல் அவருக்குத் துணையாக இருந்தாய். போர்க்காலப் படம் எங்கே மாட்டியிருந்தாலும் போய் ஒவ்வொரு முகமாகத் தேடினாய்.

சுவா சூ காங் போகும் வழியில் இருந்த பங்களாக் காட்சிசாலைக்கு ஒருநாள் அண்ணியும் வந்தார். உள்ளறைச் சுவரில் ஒரு படம். தண்டவாளத்தின் மேல் எலும்பும் தோலுமாக ஆட்கள். ஓரத்தில் நின்றவரின் இடக்கை முழங்கையில் மடங்கியே இருந்தது. அண்ணன் சின்ன வயதில் மரத்திலிருந்து விழுந்து, எலும்பு தப்பாகக் கூடி, நீட்ட முடியாமல் போன கை என்று எத்தனை தடவை சொல்லியிருப்பாய்! நீ என்னைப் பார்த்தாய். நான் எழுத்தைப் பார்த்தேன். சோதனை போல அன்றைக்கென்று இங்கிலீஷ் முழுக்கப் புரிந்தது. அந்த முகாமில் காலரா வந்து ஒருவர்கூட மிஞ்சவில்லை என்று எழுதியிருந்தது.

"என்ன எழுதியிருக்கு தம்பி?" என்றார் அண்ணி.

"வேலை முடிஞ்சு வீட்டுக்குப் போறப்ப எடுத்த படமாம் அண்ணி."

"அப்பா, அதுல அப்படி..." என்று ஆரம்பித்த மகளை வெளியே தள்ளிக்கொண்டு போனேன்.

நீ படத்தை முதுகால் மறைத்து நின்றாய். "அண்ணன் இதுல இல்ல அண்ணி. வாங்க, சாப்பிடலாம்."

மரத்தடியில் புளிச்சோறு பிரித்தோம். உன் பொட்டலம் பிரிக்காமலே வீடு திரும்பியது. அதற்குப் பிறகு நீ எந்தக் காட்சிசாலைக்கும் கூப்பிடவில்லை.

உன் கருமாதி முடிந்ததும் அண்ணி என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அன்னிக்குப் படத்துல நின்னது அவர்தான் தம்பி. தினம் அந்தக் கைக்குச் சட்டை மாட்டிவிட்டவ நான். எனக்குத் தெரியாதா? நீங்க ரெண்டு பேரும் மறைச்சதுலயே மீதியும் புரிஞ்சிருச்சு."

"அப்புறம் ஏன் அண்ணி சொல்லல?"

"நான் பொட்டை அழிச்சா உங்க சிநேகிதர் நொறுங்கிப் போயிருவாரு. அவருக்காகத்தான் வச்சுக்கிட்டேன்."

அடப்பாவி, ஒரே வீட்டில் இத்தனை வருஷம்! இரண்டு பேரும் சேர்ந்து ஒரு தடவையாவது அழுதிருக்கலாமே.

"இனி திதி குடுக்க இந்த வீட்ல ஆம்பள இல்ல. நீங்க குடுப்பீங்களா?" என்று அண்ணி கேட்டார்.

போன ஆடி அமாவாசைக்குக் கத்தோங் கடற்கரைக்குப் போனோம். அண்ணி வெறும் நெற்றியோடு தள்ளி நின்றார். முதலில் உன் பெயரைச் சொன்னேன். பிறகு, நான் ஒருநாளும் நேரில் பார்த்திராத அவர் பெயரைச் சொன்னேன்.

"இவர் உங்களுக்கு என்ன வேணும்?" என்று ஐயர் கேட்டார்.

"அண்ணன்" என்றேன்.

ஐயர் என் கையில் எள்ளை வைத்துத் தண்ணீர் வார்த்தார்.