உள்ள சார்

காலையில் ரத்தம் எடுக்க வந்த பெண் என் கையில் ஸ்பிரிட் தடவினாள். அந்த வாடை மூக்கில் ஏறியதும், என் சிநேகிதி, நீ வந்து நின்றாய்; உன்னோடு என் கோபமும் வந்தது. அதற்கு மட்டும் வயதாகவில்லை.

உலக யுத்தம் முடிந்த மறுவருஷம் உனக்குக் கடைசி மருத்துவப் பரீட்சை. ஒரு நோயாளியைக் கொடுத்து, விசாரித்து, வியாதி என்னவென்று சொல்லச் சொல்வார்கள். தேறினால்தான் டாக்டர்கள் ரெஜிஸ்டரில் பெயர் ஏறும். ஏறினால்தான் நீ தாராவியில் வாடகைக்குப் பிடித்து வைத்திருந்த அறையில் டிஸ்பென்சரி திறக்கலாம். அங்கே தமிழ்ப் பெண்கள் தங்கள் உபாதையை இன்னொருவர் மூலம் தமிழ் தெரியாத டாக்டரிடம் சொல்லக் கூசி, சொல்லாமலே வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

பரீட்சையில் உனக்கு வாய்த்த நோயாளி தாராவியில் தோல் பதனிடும் திருநெல்வேலிக்காரர். இந்தியில் திணறியவரிடம் எங்கே வலி என்று தமிழில் கேட்டாய். வெள்ளைக் கோட்டு போட்டவர்களெல்லாம் அவருக்குச் சார்தான். வயிற்றைத் தொட்டு, "உள்ள சார்" என்றார்.

பின்னால் நின்ற தேர்வாளருக்குத் தமிழ் தெரியாது. அவர் காதில் அது 'அல்சர்' என்று விழுந்தது.

அதற்கப்புறம் கால் மணி நேரம் விசாரித்தாய். பசித்தால் வலி எப்படி, சாப்பிட்டால் எப்படி, வாந்தி என்ன நிறம் என்று எல்லாம் கேட்டு, அழுத்திப் பார்த்து, வயிற்றில் அல்சர் என்றாய். சரியான விடை. "நோயாளியே சொல்லிக் கொடுத்துவிட்டானே" என்றார் அவர். அந்தச் சொல்லுக்கு 'உள்ளே' என்று அர்த்தம் என நீ விளக்கினாய். அவர் சிரித்துவிட்டு உன்னைப் பெயிலாக்கினார். சரியாகச் சொன்னதற்காக ஒருத்தி தோற்ற பரீட்சையை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

மாட்டுங்காவில் எங்கள் வீட்டுக்கு வந்து இதைச் சொன்னாய். கான்வென்டில் கற்ற இங்கிலீஷையெல்லாம் திரட்டி நான் ஒரு புகார் எழுதினேன். ஒரு கமா பிசகியிருக்காது. நீ படித்துவிட்டு மடித்தாய்.

"நன்னா எழுதியிருக்கே. ஆனா மறுபடியும் அவர்தான்டி உக்காருவார்."

"உக்காரட்டுமே. உனக்கு ரோஷமே கிடையாதா?"

"இருக்கு. பேர் ரெஜிஸ்டர்ல ஏறட்டும், அப்புறம் ரோஷப்படறேன்."

ஆறு மாதம் டிஸ்பென்சரி பூட்டியே கிடந்தது. பூட்டைப் பார்த்துத் திரும்பிய பெண்கள் எத்தனை பேர் என்று அந்தத் தேர்வாளர் ஒருநாளும் கேட்டதில்லை.

மறுமுறையும் அவரே. இம்முறை மராட்டி நோயாளி. மராட்டியிலேயே கேட்டாய், தேறினாய். "பார், ஒழுங்காகக் கேட்டால் எவ்வளவு சுலபம்" என்றாராம். நீ நன்றி சொன்னாயாம். அந்த நன்றிக்காக உன்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

நீ போன பிறகு செம்பூரில் இரங்கல் கூட்டம். ஒரு டாக்டர், "முதல் முறை தோற்றும் மனம் தளராதவர்" என்று உன்னைப் புகழ்ந்தார். கூட்டம் தலையாட்டியது. நான் எழுந்தேன். மருமகள் என் தலைப்பைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மா, உக்காருங்கோ. எல்லாரும் பாக்கறா."

பார்க்கட்டும் என்று பேசினேன். "அவள் முதல் தடவையே தேறினாள். தேறாதது, பக்கத்தில் நின்று கேட்டவருடைய காது."

இப்போது நான் எழ இரண்டு பேர் கைகொடுக்க வேண்டியிருக்கிறது. உன்னைத் தோற்றவள் என்று இன்னொரு வாய் சொன்னால், அவர்கள் வரும்வரை காத்திருக்க மாட்டேன்.