ஹைகோர்ட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்றேன், அண்ணே

என் ஆசை அண்ணன் தானியேலுக்கு,

உன் வாயாடித் தங்கச்சி எஸ்தர் எழுதுகிறேன். அடுத்த வாரத்தோடு நீ போய் ஒரு வருஷம். கோயிலில் ஜெபத்துக்குச் சொல்லியாகிவிட்டது, சித்தப்பா வீட்டில் சாப்பாடு. அதையெல்லாம் சொந்தக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள். நான் சொல்ல வந்தது வேறு. நான் மெட்ராஸ் போய் வந்துவிட்டேன்.

மெட்ராஸ் உனக்குத் தெரியாத ஊரா? சிவகாசி பிரஸ்ஸில் உட்கார்ந்த இடத்திலேயே சென்ட்ரல் ஸ்டேஷனையும் மியூசியத்தையும் பதினாலு மாடிக் கட்டடத்தையும் தீப்பெட்டி லேபிளுக்கு வரைந்து தள்ளியவன் நீ. ஆனால் மதுரையைத் தாண்டி நீ கால் வைத்ததில்லை. மெட்ராஸிலிருந்து ஆர்டரோடு ஏஜென்ட் கொண்டுவந்து தரும் போஸ்ட் கார்டுதான் நீ பார்த்த பட்டணம். "ஒரு நா நேர்ல போயிப் பாக்கணும்மா, எம்புட்டு உசரம்னு" என்பாய். ஞாபகம் இருக்கிறதா?

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு ஒன்று சொல்லிவிட வேண்டும். அச்சுக் கல்லில் எல்லாவற்றையும் இடம் வலம் மாற்றித்தான் வரைய வேண்டும். அப்போதுதான் காகிதத்தில் நேராக விழும். என் அண்ணன் ஒவ்வொரு கல்லுக்கும் எதிரே கைக்கண்ணாடியைப் பிடித்து, சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் எழுந்திருப்பான்.

அப்படிப்பட்ட உன்னைத்தான் அந்த ஏஜென்ட் எல்லார் முன்னாலும் வைத்துச் சிரித்தார். ஹைகோர்ட் லேபிளில் கோபுரத்துக்கு வலப்பக்கம் பழைய கலங்கரை விளக்கத் தூணை வரைந்திருந்தாய். "தெனமும் அந்த வழியாத்தான்யா போறேன். தூணு இடப்பக்கம்லா நிக்கி! கல்லுல மாத்தி வரைய மறந்துட்டீரே, நல்ல ஆர்டிஸ்டுய்யா." போஸ்ட் கார்டு அவரிடமே திரும்பிப் போயிருந்தது. அதைக் கேட்டு வாங்கிப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. மானேஜர் அந்தக் கல்லைத் தேய்த்து அழிக்கச் சொல்லிவிட்டார்.

அதற்கப்புறம் உனக்குப் படம் கொடுக்கவில்லை. ஓரத்துப் பூவும் கம்பெனிப் பேரும்தான். டீக்கடையில் உன்னைக் கண்டால் "மாத்திப் போட்டவரு வாராரு" என்று ஒரு சிரிப்பு. நான் சண்டைக்குக் கிளம்பியபோது நீதான் கையைப் பிடித்து உட்கார வைத்தாய்.

மஞ்சள் காமாலையில் கிடந்தபோது நீ சொன்னது என் நெஞ்சிலேயே நிற்கிறது. "நான் மறக்கலம்மா. கண்ணாடியில பாத்தேன். ஆனா இப்ப எனக்கே சந்தேகமா இருக்கு." ஊர் சிரித்ததைக்கூட நான் பொறுத்துக்கொண்டேன் அண்ணே. உன் கையை நீயே நம்பாமல் போனாயே, அதை என்னால் பொறுக்க முடியவில்லை.

போன மாதம் எங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நோயாளியை மெட்ராஸில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியிருந்தது. துணைக்கு எந்த நர்ஸ் போவது என்று கேட்டார்கள். கேட்டு முடிக்குமுன் நான் கையைத் தூக்கினேன். வேதாகமத்துக்குள் உன் லேபிள்கள், அந்த ஹைகோர்ட் லேபிளும் சேர்த்து, பத்திரமாக இருந்தன.

நோயாளியைச் சேர்த்த பிறகு சாயங்கால ரயில் வரைக்கும் பொழுது என்னுடையது. சென்ட்ரலின் மணிக்கூண்டை லேபிளோடு வைத்துப் பார்த்தேன், ஜன்னல் ஜன்னலாகச் சரியாக இருந்தது. மியூசியத்தின் வட்டக் கட்டடமும் அப்படியே. மவுண்ட் ரோட்டில் பதினாலு மாடியை அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்ததுதான் மிச்சம். உயரம் எம்புட்டு என்று கேட்டாயே, நம் ஊர்க் கோயில் கோபுரத்தை இரண்டு மூன்று தடவை அடுக்கிக்கொள்.

கடைசியாக ஹைகோர்ட். பஸ்ஸிலிருந்து இறங்கி நிமிர்ந்தேன். தூண் இடப்பக்கம் நின்றது.

சுவரோரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இதைப் பார்க்கவா இத்தனை தூரம் வந்தேன்? ஊருக்குப் போய் லேபிளைக் கிழித்துப் போட்டுவிடலாம் என்றுகூட நினைத்தேன், மன்னித்துக்கொள்.

பக்கத்தில் வெள்ளரிப் பிஞ்சு விற்றுக்கொண்டிருந்த ஒரு அம்மாள், "இன்னாம்மா அழுவுற? கேசு தோத்துப்பூட்டியா?" என்று கேட்டாள்.

"ஆமா, தோத்துட்டேன்" என்று லேபிளை நீட்டினேன்.

அவள் அதை வாங்கி, படத்திலிருந்த மரத்தின் மேல் விரலை வைத்தாள். "ஷோக்கா வரைஞ்சிகீறாங்களே. இது அந்தாண்ட பக்கம்மா. இந்த வேப்ப மரத்தாண்டதான் நான் சாய்ங்காலம் கடை போடுவேன்."

வேப்ப மரம்! அந்த மரம் எதற்கு, எடுத்துவிடு என்று மானேஜர் சொல்லியும், "கார்டுல இருக்கே" என்று நீ விடாமல் வரைந்த மரம். இந்தப் பக்கம் மரமே இல்லை. அழுத அழுகையில் நான் அதைக் கவனிக்கவே இல்லை.

நடக்கவில்லை அண்ணே, ஓடினேன். நர்ஸ் உடையில் ஒருத்தி ஓடுவதைப் பார்த்து வக்கீல்கள் வழி விட்டார்கள். மதில் சுவரைச் சுற்றி அந்தப் பக்கம் போனால் முன்னால் வேப்ப மரம், நடுவில் கோபுரம், வலப்பக்கம் தூண். லேபிளை உயர்த்திப் பிடித்தேன். மரம் மட்டும் கொஞ்சம் வளர்ந்திருந்தது. போஸ்ட் கார்டுக்குப் படம் எடுத்தவன் அங்கே நின்று எடுத்திருக்கிறான். ஏஜென்ட் தினமும் போனது நான் பஸ் இறங்கிய பக்கம். சுற்றி வந்து பார்க்காத மனிதர் உன்னைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்.

நேற்று பிரஸ்ஸுக்குப் போனேன். "நினைவு நோட்டீஸ் அடிக்கணும். மேல இந்த ஹைகோர்ட் படம், கீழ என் லெட்டர்" என்றேன்.

மானேஜர் படித்துப் பார்த்தார். "என்னையும் எழுதியிருக்கீகளே?"

"பேரு போடலைல்லா."

"முடிஞ்சுபோன கத எதுக்கும்மா? அவரு போட்டோவைப் போட்டுருவோம்."

"உங்களுக்கு முடிஞ்சிருச்சு. எங்க அண்ணன் அந்தக் கதையோடதான் கண்ண மூடுனான். ஆர்டர் குடுக்கது நான். அடிப்பீகளா, வேற பிரஸ் பாக்கவா?"

உன் பக்கத்து மேஜை மாடசாமி அண்ணன்தான் எழுந்து வந்தார். ஏஜென்ட் சிரித்த அன்று வாயைத் திறக்காதவர். லேபிளை வாங்கி வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். "கல்ல நான் வரையுதேம்மா. மரத்த விட மாட்டேன்" என்றார். பையில் கொண்டுபோயிருந்த உன் கைக்கண்ணாடியை அவரிடம் கொடுத்தேன். இந்தக் கடைசிப் பேச்சையெல்லாம் அதற்கப்புறம்தான் சேர்த்து எழுதினேன், மானேஜர் இன்னொரு தடவை படிக்கட்டும்.

சீசனுக்கு ஆர்டர் கொண்டு ஏஜென்ட் வருவார். வருகிற அன்று நான் லீவு போடுவேன். முதல் நோட்டீஸ் அவர் கையில்தான். ஊருக்குப் போனதும் அந்த வேப்ப மரத்தடியில் போய் நின்று பாருங்கள் என்று முகத்துக்கு நேரே சொல்வேன். பார்த்துவிட்டு வந்து, சிரித்த அதே இடத்தில் நின்று உன் பேரைச் சொல்ல வேண்டும். அதுவரைக்கும் விட மாட்டேன். இந்தத் தடவை என் கையைப் பிடித்து உட்கார வைக்க நீ இல்லை.

நீ மறக்கவில்லை அண்ணே. கண்ணாடியில் நீ பார்த்தது சரி.

உனக்குப் பதிலாகப் போய்ப் பார்த்து வந்த
உன் தங்கச்சி,
எஸ்தர்