பிழைக்கு ஒரு பதில்

உம்மா வீட்டுக்குப் போயிருப்பவளுக்கு, ஸலாம்.

அப்புத்தளையில் குளிர் கூடவாமே. உன் கம்பளிச் சட்டை இங்கேதான் கிடக்கிறது.

தொலைபேசி வழியாகக் கணினியில் வாசிக்கும் நம் செய்திப் பலகையோடு, புதியவர்களுக்கான பாடத்தையும் இணைத்துவிட்டேன். பதுளைக் கடைக்காரர்கள் நன்றாக இருக்கிறது என்கிறார்கள்.

நேற்று யாரோ புதுப் பெயரில் வந்து பாடம் படித்திருந்தார்கள். பூச்சியத்தை அழுத்தச் சொன்ன இடத்தில் ஆங்கில ஓ எழுத்தைத் திரும்பத் திரும்ப அழுத்தியிருந்தார்கள். அந்தப் பிழையை விடுகிற ஆள் நீ ஒருத்திதான். அங்கே உன் கூடப்பிறந்த நாநாவின் கணினியாக இருக்கும்.

பிழை விட்டால் திரையில் வரும் பதிலை எழுதியவன் நான். வேடிக்கைக்கென்று, வாயில் வந்ததையே எழுதினேன்: "இதெல்லாம் ஒனக்குச் சரிவராது, வுடு." யாரிடம் சொல்லிப் பழகிய வாய் என்று அப்போது யோசிக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் உனக்கு அதுதான் வந்திருக்கும். கடைசியில் தொடர்பைத் துண்டித்துவிட்டாய். இந்த வீட்டைவிட்டுப் போனதும் அப்படித்தான், ஒரு சொல்லும் சொல்லாமல்.

பதிலை மாற்றிவிட்டேன். இப்போது, "பரவாயில்ல, இன்னொருக்கா பாருங்க" என்று வரும். உன்னிடம் ஒரு நாளும் நான் சொல்லாத வார்த்தை.

மறுபடி ஒரு தடவை பலகையை அழைத்து, அந்த ஓவையே அழுத்து.

பதுளையிலிருந்து,
உன் வீட்டுக்காரன்