வந்துவிட்ட மருந்தாளர்

ஜூலை 3, வியாழன்

கச்சான் காற்று. காலையில் கடை திறந்தபோது பாணி மருந்துப் போத்தல்களின் கழுத்தெல்லாம் மணல். துடைக்கத் துடைக்க வருகிறது.

சர்மிளா மாத முடிவோடு போகிறாள். புருஷனுக்கு அவுஸ்திரேலியா விசா வந்துவிட்டது. "நுஸ்ரா, உனக்குத்தான் முதல்ல சொல்லுறன், எங்கட மாமிக்குக்கூட இன்னும் தெரியா" என்றாள். கட்டிப்பிடித்து வாழ்த்தினேன். பிறகு ஸ்டோருக்குள் போய் அட்டைப்பெட்டிகளைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

பதிவு பெற்ற மருந்தாளர் இல்லாமல் பாமசி திறக்க முடியாது. கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குவது சர்மிளாவின் சான்றிதழ். அவள் போனால் அதுவும் போகும், கடையும் மூடும். வாப்பா மௌத்தான நாளிலிருந்து கொள்வனவு, கணக்கு, கல்லா எல்லாம் நான்தான். கடை இல்லாவிட்டால் நான் கலியாணம் முடிக்காமல் உம்மாவோடு வீட்டில் இருக்கிற ஒருத்தி. அவ்வளவுதான். கல்முனை முழுக்க அப்படித்தான் சொல்லும்.

செய்ய: விளம்பரம். சர்மிளாவின் கூட்டாளிமாரை விசாரிக்க. குளிரூட்டி சத்தம் போடுகிறது, ஆள் கூப்பிட. உம்மாவின் பிரஷர் குளிசை (மறக்காமல்!).

ஜூலை 5, சனி

விளம்பரம் எழுதினேன். பதிவு பெற்ற மருந்தாளர் தேவை, ஆண் அல்லது பெண், காலை எட்டு முதல் மாலை ஆறு, வெள்ளி அரைநாள், சம்பளம் இவ்வளவு. சர்மிளா ஒரு பிரதி எடுத்துக்கொண்டாள், தெரிந்தவர்களுக்குக் கொடுக்க.

மச்சான் அதைப் படித்துவிட்டு "தேவை" என்ற சொல்லைப் பேனையால் வெட்டினார். மச்சான் என்றால் எனக்கு மூத்தவள் ராத்தாவின் புருஷன், நான் அவருக்கு மச்சி. பாதிக் கடை ராத்தாவின் பேரில், ஆகவே வாய் முழுவதும் இவருடையது. இனி ம. என்றே எழுதுகிறேன், முழுச் சொல்லுக்கு மை வீண். போன மாதம் பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலில் பயிற்சிக்குப் போய்வந்தார். மனதால் தொழிலை வளர்க்கும் பயிற்சியாம். ஒரு சான்றிதழும் ஒரு சிரிப்பும் கொண்டுவந்தார். நித்திரையிலும் அந்தச் சிரிப்பு இறங்குவதில்லை என்று ராத்தா சொல்கிறாள்.

"தேவை எண்டு எழுதினா இல்லாமதான் வரும் மச்சி. ஆள் வந்திட்டார், நாம சந்தோசமா இரிக்கோம் எண்டு நெனைக்கணும். அந்தச் சந்தோசத்துக்கே சரியான ஆள் இழுபட்டு வருவார்."

"ஆள் பஸ்ஸிலதான் வருவார் மச்சான். எத்தின மணிக்கு வேல முடியிற எண்டு தெரிஞ்சாத்தான் வருவார்."

"பாத்தியா, இதுதான் நெகட்டிவ்."

பின்னேரம் பேஸ்புக்கில் போட்டுவிட்டார். "எங்கள் மகிழ்ச்சியான குடும்பத்தில் ஒருவராக இணைய ஒரு நல்ல உள்ளத்தை அன்போடு வரவேற்கிறோம்." அடியில் சின்ன எழுத்தில், மருந்துத் துறை. நேரம் இல்லை, சம்பளம் இல்லை. படம், பெருநாளன்று எடுத்தது. நடுவில் நான், பட்டுச் சாரியோடு, பல் தெரிய. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. யார் யாரோ பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று நினைக்கவே அருவருப்பாக இருக்கிறது. எடுக்கச் சொன்னேன். "அதுல மட்டும்தான் நீ சிரிச்சிரிக்காய்" என்றார்.

ராத்தா கையைப் பிடித்துக்கொண்டு, "ஒரு மாசம்தானே புள்ள, உடு. எனக்காக" என்றாள். விட்டேன்.

ஜூலை 8, செவ்வாய்

கல்லாவுக்குப் பக்கத்தில் புதுக் கதிரை. அதன் முதுகில் ஒரு வெள்ளைக் கோட்டு. ம. காலையில் வந்து கதிரைக்கு ஸலாம் சொன்னார். பொய் இல்லை. "அஸ்ஸலாமு அலைக்கும், வாங்க, இரிங்க." பிறகு கோட்டின் கழுத்தில் அத்தர் பூசினார். அத்தரின் ஊது மணமும் டெட்டோல் மணமும் கலந்து கடை நிறைந்தது.

கதிரைக்கு முன்னால் ஒரு தேத்தண்ணி. "அவருக்கு." பத்து மணிக்குள் எறும்பு. வடிகானுக்குள் ஊற்றப் போனால், "கோவத்தோட ஊத்தாத மச்சி" என்கிறார்.

கண்ணாடிக் கதவில் ரோசாப்பூப் படம் போட்ட ஒரு தாள், ரோட்டைப் பார்த்தபடி. "அல்ஹம்துலில்லாஹ்! எங்கள் மருந்தாளர் வந்துவிட்டார்!" உள்ளே இருக்கிற எனக்குத் தாளின் வெள்ளை முதுகு மட்டும்தான். அந்த மட்டில் நிம்மதி.

உம்மா கேட்டா, "இல்லாததை இரிக்கி எண்டு சொல்றது பொய்தானே மகன்?"

"பொய் இல்ல மாமி. நம்பிக்கை."

சர்மிளா வாயைப் பொத்திக்கொண்டு ஸ்டோருக்குள் போனாள். சிரிக்கட்டும். போகிறவள்தானே.

ஜூலை 12, சனி

இன்று வந்த நாலைந்து பேர் வாழ்த்துச் சொன்னார்கள். "ஆள் கெடச்சிட்டாமே, மாஷா அல்லாஹ்." என்ன சொல்வது? இல்லை என்றால் கதவு பொய், ஓம் என்றால் நான் பொய். மருந்தைச் சுற்றிக் கொடுத்தேன்.

சீனி வருத்தத்துக்கு மருந்து எடுக்கிற மருதமுனைக் காக்கா வந்தார், வயதான மனிசன். கால் வீங்கி, நிற்க ஏலாமல், அந்தக் கதிரையில் இருந்துவிட்டார். ம. ஓடிவந்து தோளைப் பிடித்து எழுப்பினார். "அதுல ஆள் இரிக்கிறார் காக்கா." மனிசன் கதிரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முகத்தில் பயம். மருந்தை எடுக்காமலே போய்விட்டார். நான் பஸ் ஸ்டாண்ட் வரை ஓடிப்போய்க் கொடுத்தேன். நோயாளியை எழுப்பிவிட்டு வெறும் சட்டையை இருத்துகிற கடையாகிவிட்டது, வாப்பாவின் கடை. தூ.

பேஸ்புக்கில் கேள்விகள். வீடு எந்தப் பக்கம்? எத்தனை பெண்பிள்ளைகள்? மாடி உண்டா? மருந்தைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. எல்லாவற்றுக்கும் ம. சிவப்பு இதயம் போட்டிருக்கிறார்.

இரவு பெரிய செய்தி. பாலமுனையிலிருந்து இர்பான் என்று ஒருவர் போனில் கோல் எடுத்தாராம். மருந்துத் துறையாம். ம.வின் கண் கலங்கிவிட்டது. "என்ன மனசு பாத்தியா! சம்பளம் கேக்கல, நேரம் கேக்கல, ஒண்டுமே கேக்கல. உம்மாவோட வாறாராம்." வருகிற வெள்ளி பின்னேரம், அசர் தொழுகைக்குப் பிறகு. கடைக்கு இல்லை, வீட்டுக்கு. "முதல்ல சந்தோசத்தக் குடுக்கணும், வேலயப் பிறகு கதைப்பம்."

உம்மாவோடு வேலைக்கு வருகிற ஆம்பிளையை நான் இதுவரை கண்டதில்லை. ஆனாலும் ஆள் வந்தால் போதும் என்று நானும் நினைத்தேன்.

ஜூலை 18, வெள்ளி

ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

இரண்டு வான் நிறைய ஆட்கள் வந்து இறங்கினார்கள். இர்பான், அவருடைய உம்மா, மாமா ஒருவர், தங்கச்சிமார், ஒரு குழந்தை. எங்கள் பக்கம் தொதல், மஸ்கட், வட்டிலப்பம் என்று பலகாரம், சர்பத், எல்லாம் ம.வின் கட்டளை. எல்லோரும் வாசலில் வரிசையாக நின்று சிரிக்க வேண்டும் என்பதும் அவர் கட்டளைதான். நின்றோம். என் தாடை நொந்தது.

நான் பைலோடு இருந்தேன், கேள்விகளை எழுதி வைத்துக்கொண்டு. இர்பான் தரையில் விரித்த பாயை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவருடைய உம்மா அதற்குள் எழும்பி வீடு பார்க்கப் போய்விட்டா. குசினிப் பைப்பைத் திறந்து பார்த்தா. கிணற்றை எட்டிப் பார்த்தா. படியடியில் நின்று, "மேல் மாடி யார்ர பேர்ல?" என்றா. எங்கள் உம்மா யோசிக்காமல் சொன்னா, "நுஸ்ராட பேர்லதான்."

நான் இர்பானிடம் கேட்டேன், "எத்தின வருசமா மருந்தாளரா இரிக்கீங்க?"

"நான் மருந்துக் கம்பெனி வான் ஓட்டுறன்" என்றார், பாயைப் பார்த்து.

அப்போதுதான் அவருடைய உம்மா திரும்பிவந்து இருந்தா. முகமெல்லாம் பூரிப்பு. "பொண் பக்கம்தான் முதல்ல கேட்டு வரணும். நீங்க போட்டோவும் போட்டுக் கூப்பிட்டீங்க. வீட்டையும் பாத்தாச்சி, எங்களுக்கு விருப்பம். மறுகா கலியாண நாளைத்தான் பேசணும்."

நான் பைலை மூடினேன்.

அவர்களில் பிழை இல்லை. எங்கள் பக்கத்தில் பெண் வீடுதான் மாப்பிள்ளை தேடிப் போகும். அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சாடையாக ஒரு செய்தி அனுப்புவார்கள். பெண்ணின் படம், நல்ல குடும்பம் என்ற பேச்சு, பிறகு கூப்பிட்டுப் பலகாரம், பெண்ணுக்குக் கட்டிய வீடு. ம. அத்தனையையும் ஒன்று விடாமல் செய்திருக்கிறார். நேரமும் சம்பளமும் இருந்திருந்தால் ஒரு குழந்தைக்கும் விளங்கியிருக்கும், இது வேலை என்று.

ம.வின் முகம் முதலில் வெளுத்தது. பிறகு மலர்ந்தது. மலர்ந்தது! "பாத்தீங்களா மாமி! நாம கேட்டதை விடப் பெரிசாத் தந்திரிக்கி!"

நான் எழும்பி அந்த உம்மாவுக்கு முன்னால் போனேன். "மாமி, நாங்க கடைக்குச் சம்பளத்துக்கு ஆள் தேடினம். எங்கட பிழை. மன்னிச்சுக்கங்க." கடித்த தொதலை அவ தட்டில் திருப்பி வைத்தா. அந்தக் கையை நான் மறக்க மாட்டேன்.

கடைசியாகப் போனவர் இர்பான். வாசல் கேற்றடியில் மெதுவாகச் சொன்னார், "குறை நெனைக்காதீங்க. போட்டோவுல சிரிச்சிட்டு இரிந்தீங்க. உங்களுக்கும் விருப்பம் எண்டு நெனச்சன்." அவர் மேல் கோபம் வரவில்லை. அந்தச் சிரிப்பு சாரி மடிப்பு அவிழ்ந்ததற்குச் சிரித்தது.

ஜூலை 19, சனி

உம்மா என்னோடு நேரே கதைக்கவில்லை. சுவரைப் பார்த்துச் சொல்கிறா, "வீடு தேடி வந்த மாப்பிள்ள. மூஞ்சியில அடிச்ச மாதிரி அனுப்பிட்டாள்."

ராத்தா அழுதாள். எதற்கு என்று கேட்டால் தெரியாது என்கிறாள்.

ம.வின் தீர்ப்பு, எல்லாம் என் முகத்தால் கெட்டது. "உள்ளுக்குள்ள சந்தோசம் இல்லாட்டி வந்ததும் ஓடிரும் மச்சி." அவர் வாயிலிருந்து சந்தோஷம் என்ற சொல் வரும்போதெல்லாம் எனக்கு ஓங்காளம். அந்தச் சொல்லையே நாறடித்துவிட்டார்.

கடையில் இரண்டு பெண்கள், தைலம் வாங்குகிற சாட்டில் விசாரித்தார்கள். மருந்தாளரும் மாப்பிள்ளையும் ஒரே ஆள்தானா என்று ஒருத்தி. மிச்சக் காசை எண்ணிக் கையில் வைத்தேன்.

ஜூலை 22, செவ்வாய்

சம்மாந்துறை, நிந்தவூர், அட்டாளைச்சேனை எல்லாம் கேட்டாச்சு. எல்லோரும் வெளிநாடு, அல்லது போகிற வழி. குளிரூட்டிச் சத்தம் கூடிவிட்டது. கதிரைக்கு ஸலாம் தொடர்கிறது.

ஜூலை 25, வெள்ளி

சர்மிளா நேற்றுத் திருக்கோவில் ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்குப் போனாள். இன்று காலை வந்ததும் வராததுமாக, "ஒண்டாந் திகதிக்கு ஆள் எடுத்திட்டாயாமே, நீ என்னட்ட ஒரு சொல்லுச் சொல்லல்லையே" என்று கோபித்தாள். "யசோவ நான்தானே அனுப்பினன். இடம் நிரம்பிட்டுதெண்டு நேத்துக் கோயில்ல அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்."

எந்த யசோ?

தம்பிலுவில் யசோதா. சர்மிளாவோடு படித்தவள், பதிவு பெற்றவள். என் பழைய விளம்பரத்தைக் கையில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். நம்பரை வாங்கி அங்கேயே கோல் எடுத்தேன்.

"நான் போன கிழமைக்கு முதல் கிழமை வந்தன் அக்கா. பகல் நேரம், தொழுகைக்குப் பூட்டியிருந்தீங்க. காத்திருப்பம் எண்டுதான் நிண்டன். மறுகா கதவுல பாத்தன், மருந்தாளர் வந்திட்டார் எண்டு எழுதியிருந்திச்சு. கண்ணாடிக்குள்ளால பாத்தா கதிரையில கோட்டுக் கிடக்கு, முன்னால தேத்தண்ணி. ஆள் சாப்பிட எழும்பிப் போயிருக்கிறார் எண்டு நினைச்சிட்டு வீட்டுக்குக் கிறுகிட்டன்."

"இப்ப வாறீங்களா?"

"அக்கரைப்பற்றில ஒரு கடைக்குச் சொல்லிப்போட்டன் அக்கா. ஒண்டாந் திகதி போகணும். சம்பளம் உங்கடய விடக் குறைவுதான். வாக்குக் குடுத்திட்டன்."

வாக்கை முறிக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நல்லவள் என்று தெரிந்தது அந்த ஒரு சொல்லில்தான்.

தாளைக் கிழித்தேன். செலோடேப் அடையாளம் கண்ணாடியில் அப்படியே இருக்கிறது. ஜும்ஆ முடிந்து வந்த ம.விடம் முழுவதையும் சொன்னேன். கத்தவில்லை. நின்று, நிறுத்தி, ஒவ்வொன்றாகச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தவர் கண் விரிந்து என் கையைப் பிடிக்க வந்தார்.

"பாத்தியா மச்சி? வந்திரிக்கா! நாம இழுத்தது வேல செஞ்சிரிக்கி!"

இவரை அடிக்க எனக்குக் கை வராது. பார்க்கவும் இனிக் கண் வராது.

ஆகஸ்ட் 2, சனி

காற்று விழுந்துவிட்டது. புழுக்கம்.

வியாழன் பூட்டினோம். சர்மிளா சான்றிதழைக் கழற்றித் துவாயில் சுற்றினாள். குளிரில் வைக்கிற மருந்தெல்லாம் பக்கத்துக் கடைக்குக் கொடுத்தாச்சு. மருதமுனைக் காக்காவுக்கு மட்டும் முதலே எடுத்து வைத்திருந்தேன்.

கடை ஷட்டரில் நானே எழுதி ஒட்டினேன். மருந்தாளர் இல்லை. ஆள் தேவை. நேரம், சம்பளம், லீவு, கக்கூஸ் கடைக்குப் பின்னால், கடைசி பஸ் எத்தனை மணிக்கு, எல்லாம். இன்று இரண்டு பேர் கோல் எடுத்தார்கள். இரண்டு பேரும் முதலில் கேட்டது சம்பளம். கேட்க இனிமையாக இருந்தது. ஒருவர் திங்கள் வந்து பார்ப்பதாகச் சொன்னார். வந்தால் பார்ப்போம்.

கதிரையை முச்சக்கர வண்டியில் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கோட்டைக் கழுவிக் காயப்போட்டால் இன்னும் ஊது மணக்கிறது. மாலையில் ம. வந்தார். வழி நெடுகச் சிரித்துக்கொண்டு வந்து அந்தக் கதிரையிலேயே சாய்ந்து இருந்தார்.

"மச்சி, ஒரு தேத்தண்ணி."

"குடிச்சிட்டன் எண்டு நெனைச்சி சந்தோசப்படுங்க மச்சான்" என்றேன்.

கிழமைக்கணக்காகச் சிரிக்காத உம்மா சிரித்துவிட்டா. அடுப்புப் பக்கம் யாரும் போகவில்லை.